கோட்டைப் பாலத்தின் இடிப்பு அளவுப் புத்தகமான எம்-புக்கைக் கழித்துவிடாதீர்கள்: திருச்சி மாநகராட்சிக்கும் ரயில்வே கோட்டத்துக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர், திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.
கோட்ட ரயில்வே மேலாளர், தெற்கு ரயில்வே, திருச்சிராப்பள்ளிக் கோட்டம்.

பொருள்: கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த பழைய சாலை மேம்பாலத்தின் வரைபடங்கள், அளவுகள், உதிரிகள் ஆகியவற்றைக் காப்பது தொடர்பாக.

மதிப்புக்குரியீர், வணக்கம்.

பழைய பாலத்தை ஏன் இடித்தீர்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட பாலம் அது. சாலை ரோட்டிலிருந்து மெயின் கார்டு கேட்டுக்குப் பேருந்தும் ஆட்டோவும் பள்ளி வேனும் அதன் முதுகில்தான் ஏறி இறங்கின. அகலம் போதவில்லை, வயதும் ஆகிவிட்டது. 2024-இல் போக்குவரத்தை நிறுத்தி இடிக்கத் தொடங்கியபோது ஊரில் யாரும் பெரிதாகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. சுற்றிப் போகிற தொல்லைதான் பேச்சாக இருந்தது. ஆகவே இடித்தது இடித்ததுதான். அந்தப் பாலத்தைப் பற்றிய காகிதமும் இரும்பும் கல்லும் இப்போது எந்த அலமாரியில், எந்தக் கிடங்கில் இருக்கின்றன, எப்போது கழிக்கப்படும் என்பதே எங்கள் கேள்வி.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பாலத்துக்கு எல்லோரும் சொல்கிற ஆண்டு 1866. அதே 1866 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருச்சிராப்பள்ளி நகராட்சி தொடங்கியது. நகராட்சியும் பாலமும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். அந்தப் பத்தாண்டுகளுக்குள் இந்த ஊர் தலைகீழாக மாறியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து போட்ட தண்டவாளம் 1860-களின் தொடக்கத்தில் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. அடுத்து காவிரியின் தென்கரையை ஒட்டிக் கரூர் வழியாக ஈரோட்டுக்கு நீண்டு, 1868-இல் அங்கிருந்த சென்னைப் பாதையோடு கைகோத்தது. கோட்டை ஸ்டேஷன் அந்த ஈரோட்டுப் பாதையில் இருப்பது. பழைய கோட்டைச் சுவர்கள் இடிந்ததும் அகழி தூர்ந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைதான். அகழி இருந்த தடத்தில் போட்ட சாலைக்கு வெள்ளைக்காரன் பூல்வார்டு என்று பெயர் வைத்தான். ஊர் அதைப் புலிவார்டு ஆக்கிக்கொண்டது. இன்றைக்கும் மேலப்புலிவார்டு ரோட்டில் புலியைத் தேடுகிற பிள்ளைகள் உண்டு.

இப்போது நிலப்படத்தை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். கிழக்கே கோட்டை, அதன் மேற்கு வாசலாக மெயின் கார்டு கேட். மேற்கே உறையூர், கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஊர். இரண்டுக்கும் நடுவே தண்டவாளம் வந்து படுத்துக்கொண்டது. ஊரை ஊரிலிருந்து அறுத்த அந்தக் கோட்டின் மேல் போட்ட தையல்தான் இந்தப் பாலம். பிற்பாடு பக்கத்திலேயே மாரிஸ் சினிமாக் கொட்டகை வந்ததும் மாரிஸ் பாலம் என்றே பேர் நிலைத்துவிட்டது. பாலத்துக்கு நூறு வயது தாண்டிய பிறகு கொட்டகை தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. ஊர் வாய் பெயர் வைக்கும்போது யாரிடமும் தீர்மானம் கேட்பதில்லை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ரயில் தடத்துக்கு மேலே போகிற எந்தச் சாலைப் பாலத்துக்கும் அலுவலகம் இரண்டு. தண்டவாளத்துக்கு நேர் மேலே உள்ள கண், அதாவது இரு தாங்குசுவர்களுக்கு நடுவே உள்ள பகுதி, ரயில்வேயின் பொறுப்பு. இரு புறமும் ஏறி இறங்குகிற சரிவு மாநகராட்சியின் பொறுப்பு, அல்லது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. புதுப் பாலத்துக்கும் செலவையும் வேலையையும் இந்த முறையில்தான் பிரித்துக்கொள்வார்கள். ஓடுகிற வரைக்கும் அது ஒரே பாலம். கோப்பில் மட்டும் அது முதல் நாளிலிருந்தே இரண்டு. நடுக் கண்ணின் வரைபடம் கோட்ட அலுவலகத்தில், சரிவின் அளவு மாநகராட்சிப் பொறியியல் பிரிவில், பராமரிப்புச் செலவு இன்னொரு பிரிவில் என்று சிதறிக் கிடக்கும். ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம் கை காட்டுவார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்வதில்லை. இரண்டு பக்கத்திடமும் பாதிதான் இருக்கிறது. பாலத்தில் விரிவு இணைப்பு, அதாவது வெயிலில் விரிவதற்கான இடைவெளி, விட்ட இடத்தில்தான் முதலில் தண்ணீர் இறங்கும். வரலாறும் அந்த இடத்தில்தான் ஒழுகிப் போகிறது.

ஆகவே முதல் வேண்டுகோள், இரு அலுவலகங்களும் தங்கள் பாதியை எடுத்து ஒரே பெட்டியில் வையுங்கள் என்பது. என்னென்ன தாள்கள் என்று கேட்டால், பாலம் இடிந்த பிறகும் கிடைக்கக்கூடியவை இவை.

இடிப்பு வேலையின் அளவுப் புத்தகம், அதாவது எம்-புக், முதலாவது. ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை கன மீட்டர் செங்கல் கட்டு, எத்தனை டன் இரும்பு, எத்தனை சதுர மீட்டர் தார் என்று அளந்துதான் ஆக வேண்டும். காசு கைமாறுகிற இடமாதலால் அதில் அளவு கவனமாகவே இருக்கும். பாலத்தை ஒரு வரலாற்று ஆய்வாளர் அளந்திருந்தால்கூட இவ்வளவு தூரம் உள்ளே போய் அளந்திருக்க மாட்டார், ஏனென்றால் உடைத்துப் பார்த்து அளக்கிற வாய்ப்பு இடிப்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது. இப்படிப்பட்ட எம்-புக் தணிக்கை முடிந்து சில ஆண்டுகளில் பழைய காகிதக் கட்டோடு போய்விடும். எங்கள் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, புதுப் பாலத்தின் பொது அமைப்பு வரைபடம். ஜிஏடி என்று உங்கள் பொறியாளர்கள் சொல்வது. ரயில்வேயும் சாலைத் துறையும் கையொப்பமிட்ட பிறகே வேலை தொடங்க முடியும் என்பதால், பழைய பாலத்தின் தாங்குசுவர் எங்கே நின்றது, அடிப்பக்க உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் புள்ளிக் கோட்டில் வந்திருக்க வேண்டும். மூன்றாவது, ரயில்வேயின் பாலப் பதிவேடு. ஆண்டுக்கொரு முறை உதவிப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையால் எழுதுகிற பழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. எந்த ஆண்டு எந்த கர்டரில், அதாவது இரும்பு உத்திரத்தில், துரு கண்டது, எப்போது தகடு வைத்துத் தட்டினார்கள், எப்போது எடை வரம்பு போட்டார்கள் என்ற கதை முழுக்க அந்த இரண்டு வரிக் குறிப்புகளில்தான் இருக்கும். கடைசியாக, நீலப்படி (ப்ளூபிரிண்ட்) வரைபடங்களும் ட்ரேசிங் துணியில் மையால் வரைந்த மூலங்களும், இருந்தால்.

அந்தத் துணி வரைபடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கஞ்சி போட்ட துணி. ஈரக் கையால் தொட்டால் புள்ளி விழும், சுருட்டியபடியே கிடந்தால் மடிப்பில் உடையும். நீலப்படி வெயிலில் வெளுக்கும். ஆகவே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டாம். தட்டையான மேசையில், ஒரு புறம் அளவுகோல் வைத்து, அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் வருடி (ஸ்கேன் செய்து) எடுங்கள். அளவுகோல் இல்லாமல் எடுத்த படத்தைப் பிற்பாடு எந்த அளவுக்கும் நம்ப முடியாது. பின்புறத்தையும் எடுங்கள், கோப்பு எண்ணும் கைமாறிய தேதியும் பெரும்பாலும் முதுகில்தான் இருக்கும்.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம்தான். 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தின்படி 1892-க்கு முந்திய ஆவணத்தை, முற்றிலும் சிதைந்து பயனற்றுப் போயிருந்தால் ஒழிய, அழிக்கவே கூடாது. மைய அரசுத் துறை என்பதால் ரயில்வேக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1866-இன் வரைபடம் ஏதாவது ஓர் அலமாரியின் மேல்தட்டில் தப்பியிருந்தால், அதை இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

1866 என்ற ஆண்டைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பாலத்தின் வயது ஒன்றாக இருக்கலாம், அதன் இரும்பின் வயது வேறாக இருக்கலாம். பழைய பாலங்களில் தாங்குசுவரை அப்படியே விட்டுவிட்டு மேலே உள்ள கர்டரை மட்டும் மாற்றுவது சாதாரணம். மாற்றியதா இல்லையா என்று இரும்பே சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

முதலில் முத்திரை. உருட்டாலையில் உருட்டும்போதே கர்டரின் நடுத்தகட்டில் ஆலையின் பெயர் புடைப்பெழுத்தாக விழும். பெயின்ட் பூசிப் பூசி மறைந்திருக்கும், கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் தெரியும். டார்மன் லாங் என்று இருந்தால் அது 1875-க்கு முன் உருட்டியதாக இருக்க முடியாது, அந்தக் கம்பெனி மிடில்ஸ்பரோவில் தொடங்கியதே அந்த ஆண்டுதான். டிஸ்கோ (டாடா இரும்பு எஃகுக் கம்பெனி) என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது, ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கிய பிறகு வந்தது. முத்திரை எதுவும் இல்லாவிட்டால் இரும்பின் இயல்பைப் பாருங்கள். 1860-களில் பாலத்துக்குப் போட்டது பெரும்பாலும் தேனிரும்பு (ராட் அயர்ன்). எஃகு பாலத்துக்குப் பரவலாக வந்தது 1880-களுக்குப் பிறகு. தேனிரும்புத் துண்டில் ஓரமாக ஒரு வெட்டுக் கொடுத்து வளைத்து ஒடித்தால், பனை நாரைப் போல இழை இழையாகப் பிரியும். எஃகு அப்படிப் பிரியாது, மணி மணியாக ஒடியும். இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், பொன்மலைப் பணிமனையில் ஐந்து நிமிட வேலை.

தகடுகளைப் பிணைக்கிற ரிவெட் ஆணிகளையும் எண்ண வேண்டும். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே உள்ள இடைவெளி, தலையின் விட்டம், எத்தனை வரிசை என்ற மூன்றும் இருந்தால் கர்டர் எந்தச் சுமைக்கு வரைந்தது என்று ஒரு பொறியாளர் பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுவார். ரிவெட் வரிசையின் நடுவே அறுகோணத் தலை போல்ட் தென்பட்டால் அது பிற்காலத் தட்டுவேலை. எந்த இடத்தில் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று குறித்தால், பாலம் எந்த இடத்தில் வலித்தது என்பது தெரிந்துவிடும்.

செங்கல்லும் அப்படித்தான். ஒரே கல்லை அளப்பதில் பயனில்லை, சூளையில் ஒவ்வொன்றும் ஒரு விதமாகச் சுருங்கும். பத்து வரிசையைச் சேர்த்துச் சாந்தோடு உயரம் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். இன்றைய தரக்கல் 190க்கு 90க்கு 90 மில்லிமீட்டர். வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணிக் கல் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம். வரிசை உயரம் சட்டென்று மாறுகிற மட்டத்தில் பாலத்தைப் பிற்பாடு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சாந்து வெண்மையாகவோ, செங்கல் பொடி கலந்து இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சுண்ணாம்பும் சுர்க்கியும். சாம்பல் நிறமாக, ஆணியால் கீறினால் கீறல் விழாமல் இருந்தால் சிமென்ட், பிற்காலத்தது. மாதிரி எடுப்பதானால் மேற்பூச்சை விட்டு நான்கு அங்குலம் உள்ளே போய் 200 கிராம் எடுக்க வேண்டும். மேலே சுரண்டி எடுத்தால் எப்போதோ ஒட்டுப் போட்ட சிமென்ட்தான் கையில் வரும், அதை வைத்துப் பாலத்துக்கு வயது சொல்லி ஏமாந்தவர்கள் உண்டு.

அந்த ஒட்டுதான் பழைய கட்டுகளுக்கு எமன் என்பதையும் சொல்லி வைக்கிறோம், இன்னும் நிற்கிற பாலங்களுக்காக. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மழை நீரைக் குடித்துச் சாந்து வழியாகவே வெளியே விடும். சாந்து இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் நீர் வெளியேற வழி இல்லாமல் செங்கல்லின் முகம் வழியாக வரும். வரும்போது உப்பையும் கூட்டி வரும். உப்பு முகத்தில் உறைந்து படிகமாகி, செங்கல்லின் தோலை உரிக்கும். ஐந்தாறு ஆண்டில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் குழிந்துவிடும். இதைப் பார்த்துவிட்டுப் பழைய செங்கல் மட்டம் என்று எழுதுவார்கள். அரசங்கன்று முளைத்தால் இலையை மட்டும் கிள்ளுவதும் இப்படி ஒரு தவறு. மேலே கிள்ளக் கிள்ள வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும்.

தார்ப் பூச்சும் ஒரு மறைமுகச் சுமை. 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பூச்சு, சதுர மீட்டருக்கு 57 கிலோ அளவுக்கு எடை ஏற்றும். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம் உள்ள ஒரு கண்ணுக்கு அது நாலரை டன். பழையதைச் சுரண்டாமல் நான்கு முறை போட்டால் பதினெட்டு டன் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கைப்பிடிச் சுவரின் உயரமும் நான்கு அங்குலம் குறைந்துவிடும். இடித்தபோது தார் அடுக்கு எத்தனை, மொத்தக் கனம் எவ்வளவு என்று எம்-புக்கில் இருந்தால், அது இந்தச் சாலையின் பல பத்தாண்டுப் போக்குவரத்து நாட்குறிப்பு.

எங்களுக்கு மிகவும் ஆசையுள்ள ஒன்றை இப்போது கேட்கிறோம். பாலத்தின் அடிப்பக்கத்தைத் தண்டவாளத்தில் நின்று எடுத்த படங்கள். ஆய்வுக்காகவோ இடிப்புக்கு முன்போ உங்கள் பொறியாளர்கள் கட்டாயம் எடுத்திருப்பார்கள். இந்தப் பாதை முதலில் அகலப் பாதையாகவே போடப்பட்டது, தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். 1870-களின் இறுதியில் அதை மீட்டர் பாதையாகச் சுருக்கினார்கள். 1929-இல் மறுபடி அகலப் பாதையாக்கினார்கள். ஒரே பாலத்தின் அடியில் தண்டவாளம் இரண்டு முறை இடைவெளி மாறியிருக்கிறது. நீராவி எஞ்சினின் புகைபோக்கி, தான் போகிற தடத்துக்கு நேர் மேலே பாலத்தின் அடியில் கரியைத் துப்பும். கரியில் உள்ள கந்தகமும் ஆவியும் சேர்ந்து அந்தப் பட்டையில் மட்டும் இரும்பை ஆழமாகத் தின்னும். ஆகவே அடியில் உள்ள கரிப் பட்டையும் துருக் குழியும், எந்தக் காலத்தில் தடம் எங்கே ஓடியது என்பதன் வரைபடம். இரண்டு பட்டை அருகருகே கிடந்தால் தடத்தை நகர்த்தியிருக்கிறார்கள். காகிதத்தில் எங்கும் இல்லாத இந்தத் தகவல் ஒரு கைப்பேசிப் படத்தில் தற்செயலாக மாட்டியிருக்கலாம். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியோடு சேர்த்து வையுங்கள்.

உதிரிகளுக்கு வருவோம். இரும்பு ஸ்கிராப்பாக ஏலத்துக்குப் போகும் என்பது தெரியும், அது அரசுக்கு வருமானம், முழுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. கர்டரில் ஒரு மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கழற்றிய ரிவெட் பத்து, இருபது செங்கல், எழுத்தோ எண்ணோ பொறித்த கல் எதுவாயினும், கைப்பிடிச் சுவரின் ஒரு முழுத் தலைக்கல். இவ்வளவு போதும். ரிவெட் கட்டிய நடுத்தரக் கர்டர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 130 முதல் 150 கிலோ வரை இருக்கும். ஒரு முக்காலியும் செயின் கப்பியும் இருந்தால் மினி லாரியில் ஏற்றிவிடலாம். இன்னும் ஏலம் போகாமல் பொன்மலைக் கிடங்கில் ஏதேனும் கிடந்தால் ஒரு கடிதத்தில் முடிகிற காரியம்.

துண்டு எடுக்கும் முறை முக்கியம். காஸ் கட்டிங் தீயால் அறுத்தால் அறுத்த ஓரத்தில் இரும்பின் இழை உருகிக் குணம் மாறிவிடும். ஆகவே தீயால் அறுப்பதானால் இரு புறமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு எடுத்து, பிறகு ரம்பத்தால் ஓரத்தை வெட்டிக் கழிக்க வேண்டும். பெயின்டை முழுக்கச் சுரண்டிப் பளபளவென்று கறுப்பு அடித்து நிறுத்துவதுதான் நம் ஊர் வழக்கம், தயவுசெய்து வேண்டாம். அடிப்பூச்சு செந்நிற ஈயமாக இருக்கலாம், உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போய் நஞ்சாகும். நனைத்த உப்புத்தாளால் ஒரே ஓர் இடத்தில் மட்டும், நாணயம் அளவுக்கு, படிப்படியாகத் தேய்த்தால் மரத்தின் வளையம் போலப் பெயின்ட் அடுக்குகள் தெரியும். எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள் என்று எண்ணிவிடலாம். மற்ற இடத்தில் தளர்ந்த துருவை மட்டும் தட்டிவிட்டு மெழுகு பூசினால் போதும்.

வைக்க இடமும் இருக்கிறது. ஜங்ஷன் அருகே ரயில்வே அருங்காட்சியகம் 2014 முதல் இயங்குகிறது. பழைய எஞ்சினும் மணியும் சீட்டு அச்சடிக்கிற எந்திரமும் அங்கே உள்ளன. ஊருக்கு நடுவே நின்ற ஒரு பாலத்தின் துண்டு அங்கே சேர்ந்தால், ரயிலில் ஏறாதவருக்கும் அங்கே பார்க்க ஒன்று இருக்கும். மும்பையில் 1868-இல் திறந்த கார்னாக் பாலத்தை 2022 நவம்பரில் இடித்தபோது, ஆங்கிலம், தேவநாகரி, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்திலும் பெயர் பொறித்த கற்கள் கிடைத்தன. அங்கே ரயில்வே அவற்றைத் தனியே எடுத்து வைத்தது. முன்மாதிரி உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து ஒரு கல்வெட்டு. புதுப் பாலத்தில் திறப்பு விழாக் கல் எப்படியும் வரும், யார் தலைமை, யார் முன்னிலை என்று. அதற்குப் பக்கத்தில் பழைய பாலத்துக்கும் ஒரு கல் வையுங்கள். பாலத்தின் உச்சியில் வைக்க வேண்டாம், அங்கே நின்று படிக்க முடியாது. படித்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அதோடு மின்கம்பிக்குப் பாதுகாப்பாக இரு புறமும் உயரத் தடுப்பு வைத்திருப்பீர்கள், கல் அதன் பின்னால் மறைந்துவிடும். மெயின் கார்டு கேட் பக்கம், நடைபாதை ஓரம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வைத்தால் நடந்து போகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும். எழுத்து ஓர் அங்குல உயரம், மூன்று மில்லிமீட்டர் ஆழம். பெயின்டால் எழுதினால் அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். எவர்சில்வர் தகடு அடுத்த மழைக்குள் திருடு போய்விடும். பித்தளை அவ்வளவு நாள்கூடத் தாங்காது. கருங்கல்தான் சரி, அதையும் சுவரொட்டி மறைக்காமல் இருக்கச் சற்றே சாய்த்துப் பதியுங்கள்.

என்ன எழுதலாம் என்று கேட்டால் எங்கள் வரைவு இது: “இவ்விடத்தில் ஈரோடு ரயில் பாதைக்கு மேலே 1866-ஆம் ஆண்டு முதல் சாலை மேம்பாலம் இருந்தது. கோட்டைப் பகுதியையும் உறையூரையும் இணைத்தது. கீழே சென்ற பாதை அகலப் பாதையாகத் தொடங்கி, மீட்டர் பாதையாகி, 1929-இல் மீண்டும் அகலப் பாதையானது. மாரிஸ் பாலம் என்றும் அழைக்கப்பட்ட இப்பாலம் 2024-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது.” இதில் 1866 என்பதற்கு ஆதாரமான தாள் உங்கள் பெட்டியில் கிடைத்ததும் பொறியுங்கள். பழைய பாலங்களில் பழுது பார்த்த ஆண்டைப் பொறித்த கல்லைக் கட்டிய ஆண்டு என்று படித்துவிடுகிற பிழை அடிக்கடி நடக்கிறது. கல்லில் ஏறிய பிழை பிறகு பாடப் புத்தகம் வரைக்கும் போகும்.

கோட்டைப் பாலம் போனது போகட்டும், இன்னும் நிற்கிறவை இருக்கின்றன. சென்னையில் 1933-இல் கட்டிய யானைக்கவுனிப் பாலத்தையும் ஏற்கெனவே இடித்துப் புதிதாகக் கட்டியாயிற்று. நிற்கிறவற்றில், நெல்லை ஜங்ஷனில் 1970-களின் தொடக்கத்தில் எழுந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலமும் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஆகவே இடிப்பு மதிப்பீட்டிலேயே “அளவெடுத்துப் பதிவு செய்தல்” என்று ஒரு தனி வேலை இனம் சேருங்கள். பெரிய செலவில்லை, இரண்டு பேர் இரண்டு நாள். தாங்குசுவர்களுக்கு நடுவே உள்ள அகலம், தண்டவாளத் தலையிலிருந்து பாலத்தின் அடிவரை உயரம், கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே உள்ள அகலம், இரு புறச் சரிவு, ஒவ்வொரு கர்டரின் உயரமும் தகட்டுக் கனமும். கீழே இறங்கி அளப்பது ரயில் நிறுத்தமும் மின் நிறுத்தமும் வாங்கிய நேரத்தில் மட்டுமே. தொடுகம்பி தண்டவாளத்துக்கு மேலே ஐந்தரை மீட்டர் அளவில் 25,000 வோல்ட்டோடு போகிறது, அலுமினிய அளவுக்கோலை நீட்டினால் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். எப்படியும் கர்டர் இறக்க நிறுத்தம் வாங்குவீர்கள், அதில் முதல் இருபது நிமிடத்தை அளவுக்கு ஒதுக்கினால் போதும்.

அளக்கும்போது எல்லோரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. சாலை தண்டவாளத்தை நேர்குறுக்காக வெட்டாமல் சாய்வாக வெட்டினால், சாலையின் போக்கில் அளந்த கண் அகலமும் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக அளந்த அகலமும் வேறு வேறு. 20 பாகைச் சாய்வில் பத்து மீட்டர் என்பது 10.64 மீட்டர் ஆகிவிடும். இரண்டையும் எழுதி, எது எது என்று குறிக்காவிட்டால், ஒரே பாலத்துக்கு ரயில்வே கோப்பில் ஓர் அளவும் மாநகராட்சிக் கோப்பில் ஓர் அளவும் நின்று பின்னால் வருகிறவர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

இத்தனையும் ஒரே மாதத்தில் செய்யச் சொல்லவில்லை. வருடலும் கல்வெட்டும் அருங்காட்சியகமும் ஆற அமர நடக்கட்டும். இடிப்பு வேலையின் எம்-புக் மேல் மட்டும் “கழிக்கற்க, நிரந்தரம்” என்று இரு அலுவலகங்களும் சிவப்பு மையில் எழுதி, எந்த அலமாரியில் எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் போடுங்கள். மற்றதை அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
பழைய கட்டுமானத்திலும் ஊர் வரலாற்றிலும் ஈடுபாடுள்ள திருச்சிக்காரர்கள் சிலர்.